சீரியல் போர்ட் பழுதா, கேபிள் பழுதா: எடைமேடை அறையில் செய்து பார்க்கும் சோதனைகள்

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததும் மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கத்து அரிசி ஆலைகளின் வாசலில் நெல் லாரிகளும் டிராக்டர்களும் வரிசைகட்டி நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் எடைமேடையின் இண்டிகேட்டரில் (எடையைக் காட்டும் பெட்டியில்) எடை பளிச்சென்று தெரிய, பக்கத்து மேசையிலுள்ள கணினித் திரையில் மட்டும் சுழியம் அசையாமல் நிற்கும். இண்டிகேட்டரின் கேபிள் செருகும் சீரியல் போர்ட்டைக் காட்டி, ‘காம் போர்ட் போய்விட்டது’ என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மாலைக்குள் புதிய கார்டோ புதிய யூஎஸ்பி கன்வெர்ட்டரோ (யூஎஸ்பி துளையில் சீரியல் போர்ட் தரும் கருவி) வாங்கி வந்துவிடுவார்கள். அதை மாட்டிய பிறகும் பல இடங்களில் எடை வருவதில்லை. ஏனென்றால் பழுது அங்கே இருந்ததே இல்லை.

‘போர்ட் நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் விடை கிடைப்பது கடினம். இண்டிகேட்டரிலிருந்து கிளம்பும் எண் எந்த இடம் வரைக்கும் வந்து சேர்கிறது என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைக்கும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் தலைமதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து, எந்த மதகு வரை தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறோம் அல்லவா, அதே நடைதான் இங்கும். ஒரே வேறுபாடு, நாம் கணினியில் தொடங்கி இண்டிகேட்டரை நோக்கி எதிர்த்திசையில் நடக்கப்போகிறோம்; கணினிப் பக்கத்தைச் சோதிக்க இண்டிகேட்டரின் துணை வேண்டியதில்லை என்பதே அதற்குக் காரணம்.

முதலில் போர்ட்டை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். கணினியின் பின்புறத்தில் மேல்வரிசையில் ஐந்தும் கீழ்வரிசையில் நான்குமாக ஒன்பது ஊசிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கனெக்டர்தான் சீரியல் போர்ட். மூன்று வரிசையில் பதினைந்து துளைகள் இருந்தால் அது மானிட்டருக்கு உரியது; இருபத்தைந்து துளைகள் இருந்தால் அது பழைய பிரிண்டர் போர்ட். ஊசிகளை நேராகப் பார்க்கும்போது, ஐந்து ஊசி வரிசை மேலே இருக்குமாறு வைத்துக்கொண்டால், இடது ஓரத்திலிருந்து 1 முதல் 5 வரையும், கீழ்வரிசையில் இடமிருந்து 6 முதல் 9 வரையும் எண்ணிக்கை செல்லும். கேபிளில் இருக்கும் துளைக் கனெக்டரை முகப்பில் பார்த்தால் இந்த வரிசை இடவலமாக மாறிவிடும். இதில் ஏமாறாதவர் குறைவு. ஆகவே ஒவ்வொரு துளையின் அருகிலும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை டார்ச் அடித்துப் படித்துக்கொள்வது நல்லது.

ஒன்பதில் நமக்கு முக்கியமானவை மூன்று. 2-ஆம் ஊசியில் கணினி செய்தியை வாங்குகிறது, 3-ஆம் ஊசியில் அனுப்புகிறது, 5-ஆம் ஊசி இரண்டுக்கும் பொதுவான தரை. மற்றவற்றில் 7, 8 என்பவை ‘அனுப்பலாமா’, ‘அனுப்பு’ என்று கேட்டுக்கொள்ளும் இணை. 4, 6 என்பவை ‘நான் தயார்’, ‘நானும் தயார்’ என்று சொல்லிக்கொள்ளும் இணை. 1, 9 ஆகியவை மோடம் காலத்து மிச்சங்கள். இந்த ஒன்பது ஊசி வடிவம் 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியோடு பரவியது. ஆனால் அதன் மின் விதியான ஆர்எஸ்-232 அதைவிட மூத்தது, 1960-இல் பிறந்தது. அந்த விதிப்படி, வாங்கும் முனையில் 3 வோல்ட்டுக்கு மேலான நேர் மின்னழுத்தம் 0 என்றும், 3 வோல்ட்டுக்கு மேலான எதிர் மின்னழுத்தம் 1 என்றும் பொருள்படும். இடையில் நிற்கும் எதற்கும் பொருள் உறுதியில்லை. செய்தி எதுவும் போகாமல் சும்மா இருக்கும்போது அனுப்பும் கம்பி எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யப்போகும் சோதனையில் பாதி இதை நம்பித்தான் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒன்பது துளைக் கனெக்டர் ஒன்று, ஒன்பது ஊசிக் கனெக்டர் ஒன்று, ஒரு சாண் கம்பி, சால்டரிங் அயர்ன், போர்ட்டில் வருவதைத் திரையில் காட்டவும் தட்டுவதை அனுப்பவும் கணினியில் புட்டி என்ற இலவச மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்பி வரை அதே வேலைக்குக் கூடவே வந்த ஹைப்பர்டெர்மினல், விஸ்டாவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

எந்தக் கேபிளையும் தொடுவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் ஊசிகள் பச்சையாகக் களிம்பேறியிருப்பதையும், ஆலைகளில் உமித் தூசி கனெக்டருக்குள் அடை போல் படிந்திருப்பதையும் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். உள்ளே தள்ளிப்போன ஊசி, வளைந்த ஊசி, திருகு முடுக்காததால் சரிந்து தொங்கும் கனெக்டர் ஆகியவற்றையும் பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் துடைத்து உலர விட்டு மீண்டும் மாட்டினாலே சில வேலைகள் முடிந்துவிடும்.

அடுத்தது எர்த். இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் போர்ட்டுகள் மெய்யாகவே எரிந்துபோவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான். கணினியின் பவர் சப்ளைக்குள் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக இரு மின்கம்பிகளிலிருந்தும் உடற்கூட்டுக்குச் சிறு மின்தேக்கிகள் வைக்கப்பட்டிருக்கும். பிளக்கில் எர்த் சரியாக இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், கணினியின் கூடு முழுவதும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் விறுவிறுவென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எர்த் பிடித்திருக்கும் எடைமேடையின் கேபிளை அந்த நிலையில் செருகினால், தரை ஊசி சேர்வதற்கு முன்பே செய்தி ஊசிகள் தொட்டுக்கொண்டு, அந்த மின்னழுத்தம் போர்ட்டின் சில்லு (சிப்) வழியாகவே இறங்கக்கூடும். ஆகவே கேபிளைக் கழற்றிய நிலையில், மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்து, கேபிள் கனெக்டரின் உலோகக் கூட்டுக்கும் கணினிப் போர்ட்டின் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிசெய்யும் வரை அதைச் செருகக் கூடாது. செருகும்போதும் இரு கருவிகளையும் அணைத்துவிட்டுச் செருகுவதே முறை. இடிமழைக் காலத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். வெட்டவெளியில் நிற்கும் இரும்பு எடைமேடைக்கும் அறைக்குள் இருக்கும் கணினிக்கும் நடுவே ஓடும் கேபிள், அருகில் விழும் மின்னலுக்கு நல்ல பாதை.

இனி கணினிக்குத் தன் போர்ட் தெரிகிறதா என்று பார்க்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்டுகள் என்ற தலைப்பின் கீழ் காம் 1, காம் 3 என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டிலேயே உள்ள போர்ட் அங்கே இல்லையென்றால், பயாஸ் அமைப்பில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அது முடக்கப்பட்டிருக்கலாம். யூஎஸ்பி கன்வெர்ட்டரின் பெயர் மீது மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் பிரச்சினை. பிஎல்2303 சில்லைப் போலியாகச் செய்து போட்ட மலிவான கன்வெர்ட்டர்களைப் புதிய டிரைவர் ஏற்காமல், குறியீடு 10 என்ற பிழையோடு நிறுத்திவிடுவது பரவலாக நடப்பது. எல்லாம் சரியாகத் தெரிந்தும் எடை வராவிட்டால், அந்த எண்ணையும் எடைமேடை மென்பொருளில் கொடுத்திருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். தூசி தட்டுவதற்காகக் கன்வெர்ட்டரைக் கழற்றி வேறொரு யூஎஸ்பி துளையில் செருகியதால் காம் 3 என்பது காம் 5 ஆகிவிட்டது என்பதைத் தவிர வேறு எந்தப் பழுதும் இல்லாத அழைப்புகளுக்காக நான் திருவாரூர் வரை பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

மதர்போர்டில் பத்து முனைத் தலைப்பு மட்டும் இருந்து, அதிலிருந்து பட்டைக் கேபிள் வழியாகப் பின்புறத்துக்குப் போர்ட் கொண்டுவரப்பட்டிருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. இந்தப் பட்டைக் கேபிள்களில் இரு வகை இணைப்பு முறைகள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. பழைய கணினியிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிய பட்டை, நல்ல போர்ட்டைச் செத்ததுபோல் காட்டும்.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருகிறோம். இதற்கு லூப்பேக் என்று பெயர்: கணினி அனுப்புவதை அதற்கே திருப்பிக் கொடுப்பது. ஒன்பது துளைக் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஜெம் கிளிப்பை வளைத்து இரு ஊசிகளையும் தொடவைப்பவர்கள் உண்டு. வேலை நடக்கும், ஆனால் கை நடுங்கினால் எதைத் தொட்டோம் என்று தெரியாது, முடிவை நம்ப முடியாது. ஊசிகள் ஒன்றோடொன்று தற்செயலாகத் தொட்டுக்கொண்டாலும் சில்லு எரியாத வகையில்தான் ஆர்எஸ்-232 விதி எழுதப்பட்டிருக்கிறது என்பதால் அச்சம் மட்டும் வேண்டாம்.

எடைமேடை மென்பொருளை முழுதாக மூடிவிட வேண்டும்; ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். புட்டியைத் திறந்து, இணைப்பு வகை சீரியல், போர்ட் எண், வேகம் 9600 (நொடிக்கு இத்தனை துணுக்கு, அதாவது பிட்) என்று கொடுங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தித் தொடரச் செய்யும் முறை) என்ற இடத்தில் ‘இல்லை’ என்று வையுங்கள். டெர்மினல் பகுதியில் லோக்கல் எக்கோ என்பதைக் கட்டாயமாக அணைத்து வைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் கறுப்புத் திரையில் ஏதாவது தட்டச்சு செய்தால், தட்டிய எழுத்துகள் அப்படியே தோன்ற வேண்டும். தோன்றியதும் மகிழ்ந்து எழுந்துவிடக் கூடாது. லூப்பேக் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் தட்டுங்கள். இப்போது எதுவும் தோன்றக் கூடாது. பிடுங்கிய பிறகும் எழுத்து வந்தால், நீங்கள் பார்ப்பது மென்பொருள் தானாகக் காட்டும் எதிரொலி. போர்ட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. புதியவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இது.

எடைமேடை மென்பொருள் 7, 8 ஊசிகளையும் பயன்படுத்துவதாக இருந்தால், கனெக்டரில் அவற்றையும் இணைத்துக்கொண்டு, புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்று மாற்றி அதே சோதனையைச் செய்யலாம். 7, 8 இணைப்பை எடுத்தால் எழுத்து நிற்க வேண்டும், சேர்த்தால் தேங்கியதெல்லாம் ஒன்றாக வர வேண்டும்.

லூப்பேக் சோதனைக்குச் சில குருட்டு இடங்கள் உண்டு. முதலாவது, 5-ஆம் ஊசியை அது தொடுவதே இல்லை. ஆகவே தரை அறுந்திருந்தாலும் சோதனை வெற்றி பெறும். அடுத்து, அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரம் என்பதால் வேகம் தவறாக வைக்கப்பட்டிருந்தாலும் எழுத்து சரியாகவே திரும்பி வரும். கடைசியாக, மின்னழுத்தம் மெலிந்து 4 வோல்ட்டுக்கு வந்துவிட்ட போர்ட்டும் தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ளும். பத்து மீட்டர் கேபிளைத் தாண்டி அடுத்தவருக்குக் கேட்குமா என்பது வேறு விஷயம்.

அதனால்தான் மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை 5-ஆம் ஊசியிலும் சிவப்பு முனையை 3-ஆம் ஊசியிலும் வையுங்கள். சும்மா இருக்கும் நல்ல போர்ட்டில் எதிர்க்குறியோடு 5 முதல் 12 வோல்ட் வரை ஏதாவது ஓர் அளவு தெரியும். யூஎஸ்பி கன்வெர்ட்டர்களில் 5, 6 வோல்ட் தெரிவது இயல்பு. பழைய மதர்போர்டுகளில் 11, 12 வரை தெரியும். சுழியமோ நேர்க்குறியோ தெரிந்தால் பழுது உறுதி. பழைய மேசைக் கணினியில் இப்படித் தெரிந்தால், போர்ட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் பவர் சப்ளையின் எதிர் 12 வோல்ட் கம்பியை அளந்து பாருங்கள். அந்த ஒரு மின்னழுத்தம் மட்டும் போயிருந்தால் கணினி வழக்கம்போல் இயங்கும், சீரியல் போர்ட் மட்டும் ஊமையாகிவிடும்.

அடுத்து 4, 7 ஆகிய ஊசிகளை அளந்துகொண்டே புட்டியில் போர்ட்டைத் திறந்து மூடுங்கள். திறக்கும்போது நேர்க்குறிக்கும் மூடும்போது எதிர்க்குறிக்கும் மாறினால், கணினியின் கட்டளை ஊசி வரை வந்து சேர்கிறது என்று பொருள். செய்தி உண்மையிலேயே வெளியே போகிறதா என்றும் மீட்டரிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வேகத்தை 300-க்குக் குறைத்துவிட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்து யூவை அழுத்திப் பிடித்துக்கொண்டு 3-ஆம் ஊசியை அளந்தால், எதிர்க்குறியில் நின்ற எண் சுழியத்தை நோக்கி ஓடும். அந்த எழுத்தின் துணுக்குகள் 0, 1 என்று மாறி மாறி வருவதால் சராசரி சுழியத்தின் பக்கம் வந்துவிடுகிறது. 9600 வேகத்தில் இதைச் செய்தால் மீட்டர் மிகச் சிறிதே அசையும். விசைப்பலகை நொடிக்கு முப்பது எழுத்து அளவில்தான் தரும், கம்பியோ 960 எழுத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

கணினி தேறிவிட்டது என்றால் கேபிளுக்கு நகரலாம். கேபிளைக் கணினியில் மாட்டி, மறுமுனையை இண்டிகேட்டரிலிருந்து கழற்றி, அங்கே லூப்பேக் போட்டு அதே புட்டி சோதனையைச் செய்யுங்கள். மறுமுனையில் ஊசியா துளையா என்பதைப் பார்த்து அதற்கேற்ற கனெக்டரைப் பயன்படுத்த வேண்டும். எழுத்து திரும்பி வந்தால் செய்திக் கம்பிகள் இரண்டும் முழுதாக இருக்கின்றன. பிறகு கேபிளை இருபுறமும் கழற்றி, மீட்டரின் பீப் ஒலியில் 5-ஆம் முனையின் தொடர்ச்சியைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது கேபிளை ஆங்காங்கே வளைத்து அசைத்துப் பாருங்கள்.

இந்தத் தரைக் கம்பியில்தான் நானே ஒரு முறை இரண்டு நாள் இழந்தேன். நீடாமங்கலத்துக்கு அருகே ஓர் ஆலையில் லூப்பேக் இரு முனையிலும் வெற்றி, எடை மட்டும் வரவில்லை. சுவரோரக் குழாய்க்குள் எலி கடித்து 5-ஆம் கம்பி மட்டும் அறுந்திருந்தது. அது அறுந்து எத்தனை நாளோ தெரியாது; அதுவரை இரு கருவிகளின் எர்த்தும் சுவர் வழியாகச் சேர்ந்து தரைக் கம்பியின் வேலையைப் பார்த்துவந்திருக்கிறது. இண்டிகேட்டருக்குப் புதிதாக இரண்டு முள் அடாப்டர் போட்ட அன்று அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுப் போயிற்று. ‘அடாப்டர் மாற்றினோம், வேறொன்றும் செய்யவில்லை’ என்று ஆலைக்காரர் முதல் நாளே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

கேபிளின் நீளத்தையும் பாருங்கள். ஆர்எஸ்-232-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 15 மீட்டர். நல்ல கேபிளும் குறைந்த வேகமும் இருந்தால் அதற்கு மேலும் போகும். ஆனால் அரவை மோட்டாரின் மும்முனைக் கேபிளோடு ஒரே குழாயில் போனால் பத்து மீட்டரிலும் தொல்லைதான். அலுவலகம் தூரத்தில் இருந்தால் ஆர்எஸ்-485 என்ற நெடுந்தூர இணைப்புக்கு மாற்றிக்கொள்வதே சரி. அது 1200 மீட்டர் வரை தாங்கும்.

கேபிளும் தேறினால் மிச்சம் இருப்பது இண்டிகேட்டரும் அமைப்புகளும். கேபிளை இண்டிகேட்டரில் மாட்டி, கணினிப் பக்கத்து முனையைக் கையில் வைத்துக்கொண்டு 5-க்கும் 2-க்கும் இடையே அளங்கள். அங்கே எதிர் மின்னழுத்தம் தெரிந்தால் சரியான கம்பி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. 2-இல் ஒன்றுமில்லாமல் 3-இல் தெரிந்தால், நேர் கேபிள் (2-க்கு 2, 3-க்கு 3) போட வேண்டிய இடத்தில் குறுக்குக் கேபிளோ (2-க்கு 3, 3-க்கு 2), குறுக்குக்குப் பதில் நேரோ போடப்பட்டிருக்கிறது. கணினி பேசும் கம்பியிலேயே இண்டிகேட்டரும் பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒன்றுமில்லையென்றால் இண்டிகேட்டரின் வெளியீடு செத்துவிட்டது, அல்லது அதன் பட்டியலில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சும்மா இருக்கும்போது நேர்க்குறியில் 3 அல்லது 5 வோல்ட் மட்டும் தெரிந்தால், அது ஆர்எஸ்-232 அல்ல, மைக்ரோகன்ட்ரோலர்களின் டிடிஎல் அளவு. இடையில் மாக்ஸ்232 போன்ற மாற்றுச் சில்லு வேண்டும்.

புட்டியில் எழுத்தே வராமலிருப்பதும் குப்பை எழுத்து வருவதும் வெவ்வேறு நோய்கள். குப்பை வந்தால் உண்மையில் நல்ல செய்தி: கம்பி, தரை, போர்ட் எல்லாம் பெரும்பாலும் சரி, வேகமோ பாரிட்டியோ (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் துணுக்கு) மட்டும் பொருந்தவில்லை. 1200, 2400, 4800, 9600 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எண்கள் பாதி சரியாகவும் பாதி விசித்திரமாகவும் தெரிந்தால், 8 துணுக்குக்குப் பதில் 7 துணுக்கும் இரட்டைப் பாரிட்டியும் வைத்துப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் எடை எண்கள் திரையில் வரிசையாக ஓடத் தொடங்கும். ஒன்றும் ஓடாவிட்டால், கேட்டால்தான் சொல்லும் முறையில் இண்டிகேட்டர் வைக்கப்பட்டிருக்கலாம்; அதன் பிரிண்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

போர்ட்தான் பழுது என்று இவ்வளவுக்கும் பிறகு உறுதியானால், மதர்போர்டைப் பழுதுபார்க்க முயல வேண்டாம். ஒரு நல்ல கன்வெர்ட்டரோ கார்டோ போட்டுவிடலாம். ஆனால் எரிந்ததற்குக் காரணம் எர்த்தோ மின்னலோ என்றால், புதியதும் அதே வழியில் போகும். நடுவில் ஒளிவழித் தடுப்பு உள்ள ஐசொலேட்டர் ஒன்றைச் சேர்த்துவிடுவது அந்தச் செலவை ஒரே மழைக்காலத்தில் ஈடுகட்டிவிடும்.

வேலை முடிந்ததும் வேகம், துணுக்கு எண்ணிக்கை, பாரிட்டி, காம் எண், கேபிள் நேரா குறுக்கா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இண்டிகேட்டரின் பின்புறம் ஒட்டிவையுங்கள். ஆலை மோட்டார்கள் அனைத்தும் ஓடும் நேரத்தில் அரை மணி நேரம் புட்டியைத் திறந்து வைத்து, எண்களுக்கு நடுவே வேண்டாத எழுத்து ஏதாவது எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். பிறகு மறக்காமல் புட்டியை மூடிவிட்டு எழுந்திருங்கள். அது போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை எடைமேடை மென்பொருளால் அதைத் திறக்க முடியாது, நீங்கள் பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் ‘காம் போர்ட் போய்விட்டது’ என்று மறுபடியும் தொலைபேசி வந்துவிடும்.